நிகழ்ச்சி நிரலை விரலால் இழுத்து ஒழுங்குபடுத்துதல்: சனசமூக நிலையக் குழு

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். ஆண்டு விழாவின் 42 நிகழ்ச்சிகளும் எங்கள் இணையச் செயலியில் ஏற்றப்பட்டுவிட்டன. அவற்றை இழுத்து வரிசை மாற்றும் வசதியைத் தம்பி துவாரகன் நேற்றிரவு சேர்த்திருக்கிறார். எல்லோரும் ஒரு தடவை முயன்று பார்த்துக் குறைகளை இங்கேயே எழுதுங்கள்.

சுமதி ரீச்சர்: தம்பி, மடிக்கணினியில் மவுஸால் இழுத்தால் வருகிறது. கைத்தொலைபேசியிலோ வில்லிசையைத் தொட்டு மேலே இழுத்தால் அது அசையாமல் பக்கம் முழுவதும் நகர்கிறது. இன்னொன்று, நாலாவதாக இருந்த வரவேற்பு நடனத்தைப் பரிசளிப்புக்கு மேலே விட்டேன். அது பரிசளிப்புக்குக் கீழே போய் நின்றது. கீழிருந்து மேலே கொண்டுவரும்போது இந்தப் பிழை வருவதில்லை.

துவாரகன்: ரீச்சர், மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். உலாவிகளில் உள்ள இழுத்து விடும் வசதி, 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் மவுஸை எண்ணி உருவாக்கப்பட்டு, பிறகு இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் 5க்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. தொடுதிரையில் அதை நம்பியிருக்க முடியாது என்பதால், மவுஸ், விரல், பேனா மூன்றையும் ஒரே விதமாகக் கையாளும் பாயிண்டர் ஈவென்ட்ஸ் முறைக்கு மாற்றுகிறேன். அப்போதும் விரலை மேலே கொண்டுபோனால் பக்கத்தை நகர்த்தச் சொல்கிறீர்கள் என்றே உலாவி எடுத்துக்கொள்ளும். வரி முழுவதிலும் அதைத் தடுத்துவிட்டால் பட்டியலின் அடிக்கே போக முடியாது. ஆகவே ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஆறு புள்ளிகள் கொண்ட சிறு பிடி ஒன்றை வைத்து, அந்தப் பிடியில் மட்டும் ‘டச் ஆக்ஷன் நன்’ என்று, அதாவது இங்கே தொட்டால் பக்கத்தை நகர்த்தாதே என்று, உலாவிக்கு எழுதுவேன்.

நடனம் இடம் தவறியதற்குக் காரணம் என் கணக்கு. அதைப் பட்டியலிலிருந்து எடுத்தவுடன் அதற்குக் கீழே இருந்தவை யாவும் ஒரு படி மேலே ஏறிவிடுகின்றன. நானோ எடுப்பதற்கு முன் எண்ணிய இடத்திலேயே அதைச் செருகியிருக்கிறேன்.

கௌசி (ரொறன்ரோ): துவாரகன், நேற்று நான் நாட்டுக்கூத்தை இடைவேளைக்கு முன்னால் கொண்டுவந்தேன். அதே நேரத்தில் அங்கே சித்தப்பா தலைமையுரையை மாற்றியிருக்கிறார். பிறகு பார்த்தால் அவருடைய மாற்றம் இருக்கிறது, என்னுடையதைக் காணவில்லை.

துவாரகன்: கௌசி அக்கா, எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இழுப்பது திரையில் நடக்கும் வேலை. வரிசையைப் பத்திரமாகச் சேமிப்பதே உண்மையான வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 42 நிகழ்ச்சிகளின் முழு வரிசையையும் சேர்வருக்கு அனுப்பும்படி எழுதியிருந்தேன், ஆகவே சித்தப்பாவின் திரையில் இருந்த பழைய வரிசை உங்கள் மாற்றத்தின் மேலே எழுதப்பட்டுவிட்டது. இனி ‘நாட்டுக்கூத்து, குழுப்பாடலுக்கு அடுத்ததாக’ என்ற ஒரு செய்தி மட்டுமே போகும். ரீச்சர் சொன்ன பிழையும் அத்தோடு தீரும், ஏனென்றால் இட எண்ணை அனுப்ப வேண்டிய தேவையே இராது.

தரவுத்தளத்தில் 1, 2, 3 என்று இடாமல் 1000, 2000, 3000 என இடைவெளி விட்டு எண்ணிட்டால், 1000க்கும் 2000க்கும் நடுவே வருவதற்கு 1500 கொடுக்கலாம். மற்ற வரிகளைத் தொட வேண்டியதில்லை. ஒரே இடுக்கில் ஒன்பது, பத்துத் தடவை செருகினால் இடம் தீர்ந்துவிடும். அப்போது எல்லாவற்றுக்கும் புதிதாக எண்ணிடலாம். 42 வரிகளுக்கு அது ஒரு வேலையே அல்ல.

செயலாளர்: தம்பி, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது முறிகண்டிக்குக் கிட்ட நானும் ஒன்றை மாற்றினேன். மாறியதாகத்தான் திரை காட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய இடத்தில் இருக்கிறது.

துவாரகன்: சிக்னல் இல்லாமல் சேமிப்புத் தவறியிருக்கும். இனி அப்படி நேர்ந்தால் வரி பழைய இடத்துக்குத் திரும்பி, ‘சேமிக்கப்படவில்லை’ என்று சொல்லும்.

முன்னாள் தலைவர்: பிள்ளைகளே, இதைப் பேத்தியிடம் சொல்லி எழுதுவிக்கிறேன். பார்வை குறைந்ததிலிருந்து கைத்தொலைபேசி வாசித்துச் சொல்வதைக் கேட்டே எல்லாம் செய்கிறேன். நிகழ்ச்சிகளின் பெயர்கள் ஒழுங்காகக் கேட்கின்றன. ஆனால் எதைப் பிடித்து எங்கே இழுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் இந்த நிரலை என் கையால் எழுதினேன்.

துவாரகன்: ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள், இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டுமென்று மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கென 2023 அக்டோபரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டி 2.5.7ஆம் விதியில் கேட்கிறது. ஒவ்வொரு வரியிலும் ‘மேலே’, ‘கீழே’ என்று இரண்டு பொத்தான்கள் வைக்கிறேன். அழுத்தியதும் ‘தேவாரம், 42இல் 2ஆம் இடம்’ என்று தொலைபேசி வாசிக்கும்; வரி நகர்ந்தாலும் நீங்கள் அதே பொத்தானிலேயே நிற்பீர்கள். தொலைவுக்கு நகர்த்த, ‘இதற்கு அடுத்ததாக வை’ என்ற தெரிவும் இருக்கும்.

சுமதி ரீச்சர்: அந்தப் பொத்தான்களைப் பெரிதாக வையுங்கள், தம்பி. கை நடுங்குகிற எங்களுக்கும் அவைதான் உதவும்.

துவாரகன்: கட்டாயம், ரீச்சர். ஐயா, வெள்ளிக்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் உங்கள் தொலைபேசியில் நிரலை மாற்றிப் பார்த்து, சரியென்று சொன்ன பிறகே மற்றவர்களுக்குத் திறந்து விடுவேன்.

முன்னாள் தலைவர்: வாருங்கள், பிள்ளை. தேவாரம் மூன்றாவதாக வாசிக்கிறது, அதை முதலில் இரண்டாவது இடத்துக்கு மாற்ற வேண்டும்.