ஏற்காட்டில் ராத்திரி 11 மணிக்கு ஹீட்டரை நிறுத்தலாமா?

காப்பித்தோட்டக்காரன்:
ஏற்காட்டில் ஆறு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அறைக்கு 2,000 வாட்டில் ஒரு ஹீட்டர், 2,000 வாட்டில் ஒரு கீசர். எல்லாம் சேர்ந்து ஓடினால் 24 கிலோவாட். மின்வாரியத்தில் நான் வாங்கியிருக்கும் லோடு 14 கிலோவாட்தான். மார்கழியில் காலை ஆறரைக்கு மெயின் ட்ரிப் ஆகாத நாளே இல்லை. இப்போது டைமர் வைத்து ராத்திரி 11 முதல் 5 வரை ஹீட்டருக்குக் கரண்ட் போகாமல் செய்துவிட்டேன். போன வாரம் வந்த குடும்பம் சண்டை பிடித்துவிட்டுப் போனது. தப்பா?

அஸ்தம்பட்டிவாசி:
தப்புதாங்க. போன தையில் மேலே ஓர் இடத்தில் எங்களுக்கும் இதே கதை. அம்மாவுக்கு 72 வயது. குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், இரண்டு கம்பளி. அப்படியும் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சொல்லுங்கள், ராத்திரி 11 மணிக்கு யார் வெந்நீர் போடுகிறார்கள்? மெயின் விழுவது காலையில், நீங்கள் நிறுத்துவது ராத்திரியில். லோடைக் காட்டி பில்லைக் குறைக்கிறீர்கள்!

காப்பித்தோட்டக்காரன்:
பில்லும்தான், ஒளிக்கவில்லை. நிற்காமல் ஓடினால் ஒரு ஹீட்டருக்கு மணிக்கு 2 யூனிட். ஆறு அறை, ஆறு மணி நேரம், 72 யூனிட். வருகிறவர்கள் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, புழுங்குகிறது என்று ஜன்னலைத் திறக்கிறார்கள். அதை யாரிடம் சொல்லி அழ?

சேர்வராயன்:
கரி அடுப்பு வையுங்கள். தாத்தா காலத்தில் என்ன ஹீட்டரா இருந்தது?

ஐந்துரோடு:
சேர்வராயன், விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தோட்டக்காரரே, அறைக்கு ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள். கீசர் ஓடும்போது ஹீட்டர் ஓடாது. ஆறு அறையும் சேர்ந்து 12 கிலோவாட்டைத் தாண்டாது, மிச்சம் விளக்குக்கு. குளிக்கிற அரை மணியில் அறை ஆறிப்போய்விடாது.

ராத்திரிக்கு அணைக்க வேண்டாம், குறையுங்கள். வெளியே 12 டிகிரி என்று வையுங்கள். உள்ளே 22 என்றால் வித்தியாசம் 10. 19 என்றால் 7. வெளியேறும் சூடு ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான், அதாவது பத்தில் மூன்று பங்கு மிச்சம். ஆனால் காற்றின் சூடு மட்டும் போதாது. காற்று 20, சுவரும் கூரையும் 14 என்றால் உடம்புக்கு 17 மாதிரிதான் தெரியும். கூரை என்ன?

காப்பித்தோட்டக்காரன்:
நான்கில் ஓடு, இரண்டில் தகர ஷீட். சண்டை போட்டவர்கள் ஷீட் அறையில்தான் இருந்தார்கள்.

ஐந்துரோடு:
பாருங்கள்! அந்த இரண்டுக்கும் முதலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, மேலே இன்சுலேஷன் விரியுங்கள். கதவடி இடுக்கை அடையுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
குறைப்பதற்குக்கூட நான் சம்மதிக்க மாட்டேன். 19 உங்களுக்குச் சரி, அம்மாவுக்கு?

ஐந்துரோடு:
எல்லாருக்கும் ஒத்துவராதுதான். அறைச் சூடு எத்தனை பேருக்கு ஒத்துவரும் என்று டென்மார்க் ஆராய்ச்சியாளர் ஃபாங்கர் 1970-ல் போட்ட கணக்கிலேயே, எவ்வளவு சரியாக வைத்தாலும் நூற்றில் ஐந்து பேருக்குப் பிடிக்காது. வயதானவர்கள் வந்தால் அந்த அறைக்கு மட்டும் டைமரை எடுத்துவிட வேண்டியதுதான்.

காப்பித்தோட்டக்காரன்:
சரி, புக்கிங்கிலேயே கேட்டுவிடுகிறேன். சீலிங்குக்குச் செலவு எவ்வளவு ஆகும் சார்?

அஸ்தம்பட்டிவாசி:
அதுவரைக்கும் கட்டிலடியில் ஒரு ஜமக்காளமாவது போடுங்கள் அண்ணே. சிமென்ட் தரை, ஐஸ்!