தட்டுல மிஞ்சின தோசை

அண்ணன்: ஆபீஸ்ல இருக்கேன். கிளினிக்ல என்னம்மா சொன்னாங்க?

அம்மா: 74 கிலோவாம். ஆறு மாசத்துல 4 ஏறியிருக்கு. 1500 கலோரிக்கு மேல போகக்கூடாதுன்னு சீட்டு குடுத்தாங்க. காலையில மூணு இட்லிதான்டா சாப்பிடறேன்.

அண்ணன்: கணக்கு தப்பாதும்மா. உள்ள போறது ஜாஸ்தி, செலவு கம்மி. 1 கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. அப்படிப் பார்த்தா நீங்க ஒரு நாளைக்கு 170 கூடுதலா சாப்பிட்டிருக்கீங்க.

நான்: 170னா ஒரு கைப்பிடி மிக்சர்ணா. அது ஏன் உள்ள போச்சுன்னு உன் கணக்கு சொல்லாது.

அண்ணன்: வாயைக் கட்டணும், வேற என்ன?

நான்: அப்படிச் சொல்லாத. அமெரிக்காவுல கெவின் ஹால் குழு 2019ல ஒரு ஆய்வு போட்டாங்க. 20 பேரை ஆராய்ச்சி ஆஸ்பத்திரியிலேயே தங்க வச்சு, ரெண்டு வாரம் பாக்கெட் சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடு. பரிமாறின கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் சமம். வேணுங்கறத சாப்பிடலாம், மிச்சம் வைக்கலாம்.

நான்: பாக்கெட் சாப்பாட்டுல தினம் 500 கலோரி கிட்ட ஜாஸ்தி போயிருக்கு. வேகமாவும் சாப்பிட்டிருக்காங்க. ரெண்டே வாரத்துல 0.9 கிலோ ஏத்தம். மத்ததுல அதே அளவு இறக்கம்.

அண்ணன்: அதுலயும் கலோரிதானே ஏத்துச்சு?

நான்: ஆமா, மறுக்கல. ஆனா அந்த 20 பேர்ல யாரும் ஜாஸ்தி திங்கணும்னு உட்காரலயே. அம்மாவும் பொய் சொல்லல. உட்கார்ந்து சாப்பிட்டதுதான் ஞாபகத்துல நிக்கும்.

சித்தி: அக்கா, குட்டிப்பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சு எத்தனை மாசம்?

அம்மா: ஜூன்லேர்ந்து போறான். ஆறு மாசம் ஆச்சு.

சித்தி: அவன் மிச்சம் வைக்கிற தோசை என்ன ஆகுது?

அம்மா: நெய் ஊத்தின தோசைடி. குப்பையில போட மனசு வருமா? பாத்திரம் விளக்கறப்ப நின்னுக்கிட்டே வாயில போட்டுக்குவேன்.

அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: அம்மா, இது எனக்குத் தெரியாது. நாளையிலிருந்து அவனுக்குப் பாதி தோசையா வைப்போம். வேணும்னா திரும்பக் கேக்கட்டும்.

அம்மா: பிள்ளை வயித்துல கை வைக்காதீங்கடா.

சித்தி: வைக்கலக்கா. நீங்க அவன் பக்கத்துல உட்கார்ந்து உங்க தட்டுல சூடா சாப்பிடுங்க. எல்லாரும் கிளம்பின அப்புறம் ஆறின மூணு இட்லியை முழுங்கிட்டு வேலைக்கு ஓடுறீங்களே, அது வேண்டாம்.

அம்மா: எட்டரைக்கு வேன் வந்துரும். நான் உட்கார்ந்துட்டா சட்னி யாரு அரைக்கறது?

அண்ணன்: நான் அரைக்கிறேன்மா.