ஜெல்லிக்குள் ஸ்டேப்ளர்: எது அசல், எது நகல்?

பழைய ரேடியோ:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' இரண்டு எபிசோட் பார்த்தேன். அமெரிக்க ஆபீஸை எடுத்துச் சிரிப்பைப் பிழிந்துவிட்டுச் சக்கையை மட்டும் வைத்திருக்கிறார்கள்." படித்ததிலிருந்து காபி தொண்டையில் இறங்கவில்லை. ஒரு காகித நிறுவன அலுவலகத்தை ஆவணப்படம் எடுப்பது போலக் காட்டும் காமெடித் தொடர் அது. ரிக்கி ஜெர்வேஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் எழுதி, பிபிசி இரண்டில் 2001 ஜூலையில் வந்தது. அமெரிக்கர்களுடையது 2005 மார்ச். பேரன் ஜாடை தாத்தாவுக்கு வந்துவிட்டது என்று சொல்கிற ஆளை என்ன செய்வது? பிரிட்டிஷ் முதல் எபிசோடில் சக ஊழியன் கேரத்தின் ஸ்டேப்ளரை டிம் மஞ்சள் ஜெல்லிக்குள் போட்டு வைப்பான். நான்கு வருடம் கழித்து அமெரிக்க ஆபீஸில் டுவைட்டின் ஸ்டேப்ளரை ஜிம் ஜெல்லிக்குள் போட்டு வைக்கிறான். போதுமா?

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். முதலில் வந்தது கட்டை வண்டிதான் ரேடியோ சார், அதற்காக நான் பஸ்ஸில் ஏறாமல் இருக்க முடியுமா? உங்களுடையது மொத்தம் 12 எபிசோட். எங்களுடையது 9 சீசன், 201.

பழைய ரேடியோ:
12 இல்லை, 14. இரண்டு சீரிஸ், ஆளுக்கு ஆறு, அப்புறம் 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாகச் சிறப்பு நிகழ்ச்சி. எண்ணவே வராதவருக்கு எது நல்ல காமெடி என்று எப்படித் தெரியும்? சரி, ஸ்டேப்ளருக்குப் பதில் சொல்லுங்கள்.

தேநீர்க்கடை:
ஒரு சின்னக் கேள்வி. "நல்லது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? நிறையச் சிரிக்க வைப்பதையா, நிஜ அலுவலகம் போல இருப்பதையா, திரும்பத் திரும்பப் பார்க்க முடிவதையா? அதை முதலில் முடிவு செய்தால் பேச வசதியாக இருக்கும்.

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
ஸ்டேப்ளருக்குப் பதில்தானே? இந்தாருங்கள். அதே முதல் எபிசோட் முடிவில், எங்கள் பாஸ் மைக்கேல் ஸ்காட்டின் காபிக் கோப்பையையும் ஜிம் ஜெல்லிக்குள் போட்டுவிடுவான். "உலகின் சிறந்த பாஸ்" என்று எழுதியிருக்கும் கோப்பை. அதை யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை, மைக்கேலே கடையில் வாங்கி வைத்துக்கொண்டது. அந்த ஒரு கோப்பையில் ஆள் முழுவதும் தெரிகிறான். பிரிட்டிஷ் முதல் எபிசோடில் கோப்பை ஜெல்லிக்குள் போகிறதா? போகவில்லை. அப்புறம் என்ன காப்பி?

பழைய ரேடியோ:
ஜெல்லி யாருடையது?

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
கோப்பை யாருடையது?

பழைய ரேடியோ:
நான் ஜெல்லியைப் பற்றிக் கேட்டேன்.

காகித அம்பு:
அண்ணன்மார்களே, அமெரிக்க முதல் எபிசோட் கிட்டத்தட்ட வரிக்கு வரி பிரிட்டிஷ் எபிசோட்தான், அதை யாரும் மறைக்கவில்லை. ஜெர்வேஸ், மெர்ச்சன்ட் இருவருமே அதில் தயாரிப்பாளர்கள். உரிமை கொடுத்துச் செய்ததைத் திருட்டு மாதிரிப் பேச வேண்டாம். இரண்டாவது எபிசோடிலேயே, அமெரிக்க ஆபீஸை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் குழு தனி வழி போய்விட்டது. இன வேறுபாடு பற்றிய பயிற்சி வகுப்பு, நெற்றியில் அட்டை ஒட்டிக்கொண்டு பேசும் கூத்து, எல்லாம் அவர்கள் சொந்தமாக எழுதியது. வருடத்துக்கு இருபது எபிசோடுக்கு மேல் ஓட வேண்டிய ஷோவில் பிரிட்டிஷ் பாஸ் டேவிட் பிரென்ட் மாதிரி ஓர் ஆளை வீட்டுக்குள் விட முடியாது. அதனால் இரண்டாம் சீசனிலிருந்து மைக்கேலைக் கொஞ்சம் இளக வைத்தார்கள், தலைமுடி கூட மாறியது. இது தொழில் தெரிந்து செய்த மாற்றம்.

பழைய ரேடியோ:
திருட்டு என்று நான் எங்கே சொன்னேன்? ஜெல்லி யாருடையது என்றுதான் கேட்டேன். நீங்களே "வரிக்கு வரி" என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி, அதைத் திரைப்பிடித்து வைத்திருக்கிறேன்.

இளக வைத்தார்கள் என்கிறீர்களே, அதுதான் கோளாறே. பிரென்டை வேலையை விட்டு அனுப்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரெட் நோஸ் டே, நன்கொடை திரட்டும் நாள். ஆள் நெருப்புக்கோழி மேல் சவாரி செய்வது போல வேடம் கட்டியிருக்கிறான். இடுப்பில் பொம்மைக் கால்கள் தொங்குகின்றன. அந்தக் கோலத்தில் மேலதிகாரிகள் முன்னால் உட்கார வைத்து உனக்கு வேலை இல்லை என்கிறார்கள். சிரிக்கவும் முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது. அடுத்த எபிசோடில் என்னைத் தூக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சுவான், குரல் உடையும். உங்கள் மைக்கேலுக்கு என்ன ஆயிற்று? ஏழு சீசன் எல்லாரையும் படுத்தி எடுத்துவிட்டு, காதலி ஹாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கொலராடோ போய்விட்டான். கண்ணீரோடு வழியனுப்பு விழா வேறு.

மதுரைவீரன்:
ரேடியோ சார் வந்துவிட்டாரா! போன தீபாவளிக்கு மிஸ்டர் பீன் இழையிலும் இப்படித்தான், எதைச் சொன்னாலும் "அசல் பிரிட்டிஷ்" என்று 40 பின்னூட்டம். அங்கே என்னை "கார்ட்டூன் பார்க்கிற பையன்" என்றார். எனக்கு வயது 51. நான் மறக்கவில்லை.

பழைய ரேடியோ:
மறக்க வேண்டாம். நீங்கள் அப்போது பேசியது கார்ட்டூன் பீனைப் பற்றி. இப்போதும் அதே நிலைப்பாடுதான்.

மதுரைவீரன்:
பார்த்தீர்களா!

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
நிஜம் நிஜம் என்று குதிக்கிறீர்கள். உங்கள் ஆபீஸ் நடக்கிற ஸ்லோவில் யாராவது அப்படிப்பட்ட அலுவலகத்தில் ஒரு வாரம் உயிரோடு இருப்பார்களா? எல்லாமே சாம்பல் நிறம். பிரிண்டர் சத்தம்தான் பின்னணி இசை.

பழைய ரேடியோ:
முதலில் ஊர் பெயரைச் சரியாக எழுதுங்கள். அது ஸ்லோ இல்லை, ஸ்லவ். நான் 11 வருடமாக அந்த ஊர் வழியாக ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். டைட்டிலில் வருகிற அந்த ரவுண்டானாவைச் சுற்றிக் கார் ஓட்டியிருக்கிறேன். சாம்பல் நிறம் கேமரா செய்த வேலை இல்லை, வானமே அப்படித்தான்.

காகித அம்பு:
ஸ்லவ் என்று எழுதினால் தமிழில் "லவ்" என்று படிப்பார்கள். ஸ்லௌ என்பதுதான் சரி. "கௌ" வருகிற மாதிரி.

பழைய ரேடியோ:
பக்கத்தில் வசிப்பவன் நான். ஸ்லவ்.

மதுரைவீரன்:
ஸ்லாவ்.

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
ஊர் பெருமை போதும். அந்த அலுவலகத்தைப் படம் பிடித்தது உங்கள் ஊரில் இல்லை, டெடிங்டன் ஸ்டூடியோவில். 11 வருடம் தவறான ஸ்டேஷனை எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்.

பழைய ரேடியோ:
உங்கள் ஆபீஸ் நடப்பதாகச் சொல்லும் ஸ்க்ராண்டன் மட்டும் பென்சில்வேனியாவிலா படமானது? கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ். ஜன்னலில் பனி விழுவதாகக் காட்டும்போது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உங்கள் பெயரிலேயே ஸ்க்ராண்டன் இருக்கிறதே, மாற்றிக்கொள்கிறீர்களா, வான் நைஸ் சித்தப்பா?

தேநீர்க்கடை:
என் கேள்வி மேலே இருக்கிறது.

ரசம் சாதம்:
நான் புதிது. எனக்கு மைக்கேல் பிடிக்காமல் போனதற்குக் காரணமே அவன் நிஜமாக இருப்பதுதான். முன்பு ஓர் அலுவலகத்தில் எனக்கு இருந்த மேலாளர் ஆள் குறைப்பை அறிவித்த அன்று சமோசா வாங்கிக் கொடுத்து, "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்றார். குடும்பத்தில் ஆறு பேரை அடுத்த திங்கள் முதல் வர வேண்டாம் என்றார்கள். நானும் அந்த ஆறில் ஒருத்தி. சமோசா ஆறிப்போய் இருந்தது. பிரிட்டிஷ் ஆபீஸை ஒரு எபிசோடுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, வயிற்றைப் பிசைந்தது.

பழைய ரேடியோ:
அம்மா, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள்.

ரசம் சாதம்:
இல்லையே. பார்க்க முடியவில்லை என்றேன்.

பழைய ரேடியோ:
அதுதான். பார்க்க முடியாத அளவுக்கு உண்மை.

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
பார்க்க முடியாத காமெடிக்கு இவ்வளவு வக்காலத்து! எங்களிடம் கெவின் என்ற ஊழியன் ஒரு பெரிய பானை நிறைய சில்லி, அதாவது காரமான இறைச்சிக் குழம்பு, சமைத்துத் தூக்கி வருவான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்தது. பானை கை நழுவித் தரையில் கொட்டும். கல்யாண வீட்டில் சாம்பார் அண்டா கவிழ்ந்தால் எப்படியோ அப்படி. அவன் அதைக் காகிதத்தாலும் கையாலும் அள்ளி அள்ளிப் பானையில் போடப் பார்ப்பான், வழுக்கி அதிலேயே விழுவான். ஒரு நிமிடம்கூட இருக்காது. அதிலும் துக்கம் இருக்கிறது சார், ஆனால் பார்க்க முடிகிறது. இதற்கு நிகராக உங்கள் 12 எபிசோடில் ஒன்று காட்டுங்கள்.

பழைய ரேடியோ:
14.

காட்டுகிறேன். 2002, இரண்டாம் சீரிஸ் கடைசி எபிசோட். டிம் பேட்டி கொடுத்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று எழுந்து போய், தான் விரும்பும் வரவேற்பாளர் டானைத் தனியறைக்கு அழைத்துப் போகிறான். உள்ளே போனதும் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறான். நமக்குச் சத்தம் போய்விடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அணைத்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிகிறது. வெளியே வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் முடியாது என்றுவிட்டாள் என்கிறான், ஏதோ மழை நின்றுவிட்டது என்று சொல்வது போல. உங்கள் காதல் ஜோடி ஜிம்மும் பாமும் நயாகராவில் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, சண்டை போட்டு, ஒன்பது சீசன் இழுத்தார்களே, அந்த அரை நிமிட மௌனத்துக்கு ஈடாகுமா?

காகித அம்பு:
அந்தக் காட்சி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் ஜிம்முக்கும் அப்படி ஒன்று உண்டு. இரண்டாம் சீசன் கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் பாமிடம் சொல்லிவிட்டு நிற்பான், ஒரு சொட்டுக் கண்ணீர் வழியும், துடைத்துக்கொண்டு போய்விடுவான். அந்த எபிசோடை எழுதியது யார் தெரியுமா? ஸ்டீவ் கேரல், அதாவது மைக்கேல் ஸ்காட்டாக நடித்தவரே. இதை எந்த பிரிட்டிஷ் பக்கத்தைப் பார்த்து எழுதினார்?

பழைய ரேடியோ:
ஸ்டேப்ளர் இருந்த பக்கத்தைப் பார்த்து.

மதுரைவீரன்:
திரும்ப ஆரம்பித்துவிட்டார்.

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
கோப்பை! கோப்பைக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை நடுநிலையாளர்கள் கவனிக்கவும்.

ரசம் சாதம்:
ஆர்வத்தில் நேற்று வீட்டில் கடற்பாசி காய்ச்சி, அதில் பையனுடைய பழைய ஸ்டேப்ளரைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அழகாக உறைந்தது. வெளியே எடுத்துக் கழுவித் துடைத்த பிறகும் சுருள் துருப்பிடித்துவிட்டது. இரண்டு ஊர் ஆபீஸிலும் அடுத்த நாள் அந்த ஸ்டேப்ளர் எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஸ்க்ராண்டன் சித்தப்பா:
கோப்பையைப் போட்டிருந்தால் துருப்பிடித்திருக்காது அக்கா.

பழைய ரேடியோ:
கடற்பாசியும் ஜெல்லியும் ஒன்று இல்லை. அது வேறு விஷயம், அதற்குத் தனி இழை திறக்கிறேன். இங்கே என் கேள்வி இன்னும் நிற்கிறது: ஜெல்லி யாருடையது?

தேநீர்க்கடை:
கடை மூடுகிற நேரம். என் கேள்வியும் நிற்கிறது.

காகித அம்பு:
ஸ்லௌ.

பழைய ரேடியோ:
ஸ்லவ்.