குட்டி வெளியில போகுதில்ல, உள்ளுக்க வந்த உடன பாயில பெய்யுது, ஆராச்சும் சொல்லுங்க

கல்லடிப் பிள்ளை:
அவசரம். நாய்க்குட்டி ஒண்டு கொணந்தம், வளவுக்க விட்டா அரை மணித்தியாலம் மணந்து மணந்து திரியுது ஆனா மூத்திரம் பெய்யுதே இல்ல, உள்ளுக்க தூக்கிட்டு வந்து விட்ட உடன நேரா பாயில போய் பெய்யுது, நேத்து அம்மாட சேலையிலயும். மாமா சொல்றார் மூக்கப் பிடிச்சு அதில தேய் பழகும் எண்டு, எனக்கு மனசு வரல்ல. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பழகாட்டி திருப்பிக் குடுக்கச் சொல்றா அம்மா. என்ன செய்யிற?

செங்கலடியான்:
எத்தன மாசம்? ஊசி போட்டதா? என்ன சாப்பாடு?

வாழைச்சேனை அக்கா:
தங்கச்சி மூக்கத் தேய்க்க மட்டும் வேணாம். அதுக்கு ஏன் எண்டு விளங்காது, உங்களுக்குப் பயந்து மறுகா கட்டிலுக்குக் கீழ ஒளிச்சுப் பெய்யும்.

களுவாஞ்சிகுடி மூத்தவன்:
வயசில்ல, ஊசி விபரமில்ல, என்ன செய்யிற எண்டு மட்டும் கேள்வி. குட்டி தூக்கிட்டு வர முதல் கொஞ்சம் கேட்டறிய வேணும் பிள்ள. 8 கிழமைக்கு முதல் தாயிட்ட இருந்து பிரிக்கப்படாது. முழிச்ச உடன, சாப்பிட்ட உடன, விளையாடி முடிஞ்ச உடன வெளிய கொண்டுபோகணும். ரெண்டு மாசக் குட்டி மூணு மணித்தியாலத்துக்கு மேல அடக்காது. இது அடிப்படை.

அக்கரைப்பற்றான்:
மணம்தான் காரணம், நான் சொல்றன். பெஞ்ச இடத்த வினாகிரி கலந்த தண்ணியால துடைங்க. அமோனியா கலந்ததால துடைச்சா மூத்திர மணம் மாதிரியே இருக்கும், திரும்பவும் அங்கயே போகும்.

திருக்கோவில் தம்பி:
ஊசி முடியாம வளவில விடாதீங்க! பார்வோ எண்டு குட்டிகளுக்கு ரத்தமா வயித்தால போக வைக்கிற கிருமி, மண்ணில மாசக்கணக்கில கிடக்கும். 16 கிழமை வரைக்கும் உள்ளுக்கயே வைங்க.

வாழைச்சேனை அக்கா:
தம்பி, வேலி போட்ட சொந்த வளவு, வேற நாய் வராது, முதல் வளர்த்த நாயும் வருத்தத்தில சாகல்ல எண்டா என்ன பயம்? 3 தொடக்கம் 14 கிழமைக்குள்ளதான் ஆக்கள், சத்தம், மோட்டச்சைக்கிள் எல்லாம் பழகும். அந்தக் காலத்த அறைக்க பூட்டி வெச்சா வளர்ந்தும் எல்லாத்துக்கும் பயப்படும்.

திருக்கோவில் தம்பி:
என்ட குட்டி ரத்தமாப் போய் மூணாம் நாள் செத்தது அக்கா. பயந்த நாயெண்டாலும் உயிரோட இருந்தாக் காணும்.

வாழைச்சேனை அக்கா:
அது தெரியாமச் சொல்லிட்டன் தம்பி. றோட்டுக்கு, கடற்கரைக்கு கொண்டுபோக வேணாம், அதில நானும் உங்கட பக்கம்தான்.

செங்கலடியான்:
பிள்ள எங்க? பிறந்த வீட்ட குட்டி எதில கிடந்தது எண்டும் சொல்லுங்க.

கல்லடிப் பிள்ளை:
வேலைக்குப் போயிட்டன் மன்னிச்சிக்கங்க. ரெண்டு மாசம், பொட்டை, முதல் ஊசி போட்டாச்சி அட்டை இருக்கு, சோறும் மீனும் குடுக்கிற. அங்க பின் அறையில சீமெந்து நிலத்தில சாக்கு விரிச்சு வெச்சிருந்தாங்க, வெளிய விட்டதே இல்லையாம்.

செங்கலடியான்:
அப்ப அதுதான். பிறந்ததுல இருந்து சாக்கில பெஞ்ச குட்டி, காலுக்குக் கீழ துணி மாதிரிப் பட்டாத்தான் அதுக்குக் கக்கூசு. கல்லடி மணல் அதுக்குப் புதுசு. ஒரு சாக்குத் துண்டில அது பெஞ்சத ஒத்தி எடுத்து, கழுவாம பின் வளவில ஒரே இடத்தில போடுங்க. விடிய முழிச்ச உடன அங்க தூக்கிட்டுப் போய் பேசாம நில்லுங்க, விளையாட்டுக் காட்டாதீங்க. பெஞ்ச கையோட அந்த இடத்திலயே முள்ளில்லாத மீன் துண்டு ஒண்டு. உள்ளுக்க வந்து குடுத்தா உள்ளுக்க வந்ததுக்குத்தான் கிடைச்ச எண்டு நினைக்கும். பழகின பிறகு சாக்க கொஞ்சம் கொஞ்சமா வெட்டிச் சின்னனாக்குங்க. அதுவரைக்கும் பாயெல்லாம் சுருட்டி மேல வைங்க.

களுவாஞ்சிகுடி மூத்தவன்:
சாக்குக் கதைய முதலே சொல்லியிருந்தா நானும் இதத்தான் சொல்லியிருப்பன். ரெண்டாம் ஊசி 3, 4 கிழமையில, மறந்திராத பிள்ள.

கல்லடிப் பிள்ளை:
சாக்குப் போட்டம். விடிய ரெண்டு தரம் அதில போச்சி!! பின்னேரம் மழை, சாக்கு நனைஞ்சிட்டு, மறுகா பாயில. அம்மா ஞாயிற்றுக்கிழமை கதை எடுக்கல்ல.

செங்கலடியான்:
ரெண்டு தகரம் சாய்ச்சு வெச்சு அதுக்குக் கீழ போடுங்க.