சென்னிமலைப் படியில தெரிஞ்சது

மூலனூர்க்காரர்:
முப்பத்தோரு வருசம் ஈரோடு–தாராபுரம் ரூட்டுல டிரைவருங்க. ரிட்டயர் ஆகி ஆறாம் மாசம், பேரனுக்கு மொட்டையடிக்கச் சென்னிமலை போனோம். மேல வரைக்கும் காரே போகும். வீட்டுல படியேறி வர்றதா வேண்டிக்கிட்டாங்க. 1320 படி. இருநூறு தாண்டல, நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வெச்சாப்ல ஆயிருச்சு. உக்காந்தா விட்டுருது, எந்திருச்சா மறுக்கா வருது. கேஸுன்னு சோடா வாங்கிக் குடிச்சேனுங்க! என்கூட ஓடுன கண்டக்டர், என்னைவிட ரெண்டு வயசு மூத்தவரு, பேரனைத் தோள்ல தூக்கிட்டு மேல போயிட்டாரு.

கோயமுத்தூர்ல டிரெட்மில்லுல ஏத்துனாங்க. மூணு நிமிசத்துக்கு ஒருக்கா வேகமும் ஏத்தமும் கூடுமுங்க. ரெண்டாவது ஏத்தத்துலயே நிறுத்திட்டாங்க. இதயக் குழாய் அடைப்புக்கு ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க.

டாக்டரம்மா ஒரு சங்கதி சொன்னாங்க. லண்டன் மாடி பஸ்கள்ல டிரைவரைவிடக் கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மின்னு 1953லயே ஜெரி மாரிஸ்ங்கிறவரு எழுதியிருக்காராம். கண்டக்டர் நாளுக்கு 500 படிக்கு மேல ஏறுவாராம். நான் என் கண்டக்டரைச் 'சில்லறை எண்ற வேலை'ன்னு கேலி பண்ணுனவன்.

பல்லடம் தறிக்காரர்:
அண்ணா, நானும் அதைப் படிச்சேனுங்க. அந்த மாரிஸே 1956ல சீருடை அளவை எடுத்துப் பாத்தா, டிரைவருங்களுக்குச் சின்ன வயசுலயே இடுப்புப் பெருசு. அப்ப, வேலைக்குச் சேர்றப்பவே குண்டானவங்கதான் டிரைவர் ஆனாங்களோன்னு சந்தேகம். பின்னால பாத்ததுல, ஒல்லியோ குண்டோ, கண்டக்டருக்குத் திடீர்ச் சாவு கம்மியாத்தான் இருந்துச்சு.

நானும் பன்னெண்டு மணி நேரம் தறிக்கிட்ட நிக்கிறேன், அதுவே எக்சர்சைஸுன்னு இருந்தேன். நின்னா காலு வலிக்கும், மூச்சு வாங்காதுங்களே. கேம்ப்புல பி.பி. 160ன்னாங்க. உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிசமாவது மூச்சு வாங்குறாப்ல உடம்பை அசைக்கச் சொல்லுது. தறி ஷெட்டுக்கு வண்டியை விட்டுட்டு இப்ப வெரசா நடந்துதான் போறது.

அவிநாசி அம்மிணி:
எங்கப்பன் தோட்டத்துல மண்வெட்டி பிடிச்ச ஆளுங்க, ஒரு பிடி சதை இருக்காது. பீடி மட்டும் விடல. 58 வயசுல வாய்க்கா மேட்டுலயே போயிட்டாரு.

மூலனூர்க்காரர்:
அம்மிணி, நானும் பீடி குடிச்சவந்தான். ஸ்டென்ட் வெச்ச அன்னிக்கு விட்டேன். டாக்டரம்மா சரின்ன பின்னால திரும்பவும் படிக்கு வந்திருக்கேன், போன வாரம் 640 வரைக்கும். கண்டக்டர் கூடவே வர்றாரு. முகம் வாடுனா ஒரு விசில், உக்காந்துருவேன். தெளிஞ்சா ரெண்டு விசில்.