புதுப்பிப்பு: கூட்டாக அடிக்கும் மண்கல், ஏன் ஓரம் உதிர்கிறது?

பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் நாலைந்து குடும்பம் சேர்ந்து, ஒரே பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரத்தில்) மண்கல், அதாவது மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கல், அடித்து முறைவைத்து வீடு கட்டலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். "கல் ஓரம் உதிர்கிறதே?" என்று பலர் கேட்டீர்கள்.

பெரும்பாலும் நனைப்பதில்தான் கோளாறு. அடித்த கல்லை ஈரச்சாக்கு போர்த்தி 21 நாள் காயாமல் வைக்க வேண்டும். எந்த நாள் யார் தண்ணீர் விடுவது என்று முதலிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆள் வராத ஞாயிறன்றுதான் கல் காய்ந்துபோகிறது.

சிமென்ட் 7 சதவீதம்: 50 கிலோ மூட்டைக்குச் சலித்த மண் சுமார் 700 கிலோ. தண்ணீர் சேர்த்தபின் அரை மணிக்குள் அடித்துவிட வேண்டும், ஆகவே கால் மூட்டையாகவே கலக்குங்கள். ஈரக் கலவையை உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து விடுங்கள்: நாலைந்து துண்டானால் பதம், பொடியானால் ஈரம் போதாது, உடையாமல் சப்பையானால் ஈரம் அதிகம். மண்ணில் களிமண் மிகுந்தால் கல் விரிசல் விடும். குவாரித் தூள் சேருங்கள்.