ஷோஷோனி ஏரிக்குக் கேனோ பயணம்: பிற்பகல் காற்றுக்கு எங்கள் திட்டம் தாங்குமா?

கேள்வி (ஜெயநகர், பெங்களூரு)

வணக்கம். சியாட்டிலில் வேலை பார்க்கும் என் தம்பியும் நானும் வரும் ஆகஸ்டில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள ஷோஷோனி ஏரிக்கு வாடகைக் கேனோவில் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) செல்லவிருக்கிறோம். அந்த ஏரிக்குச் சாலை கிடையாது. லூயிஸ் ஏரியின் தென்கிழக்கு ஓரத்துப் படகுத்துறையில் இறங்கி, அந்த ஏரியைக் கடந்து, இரண்டு ஏரிகளையும் இணைக்கும் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக ஏறித்தான் போக வேண்டும். முதல் நாள் காலையில் பர்மிட் வாங்கி, படகைப் பரிசோதனைக்குக் காட்டி, மதியம் 1 மணிக்குப் புறப்பட்டு, அன்று இரவே ஷோஷோனியின் மேற்குக் கோடியில் கூடாரம் அடிப்பதாகத் திட்டம். மூன்றாம் நாள் திரும்பிவிடுவோம்.

என் கவலை இதுதான். சென்ற மாதம் பெங்களூருக்கு அருகே ஒரு நீர்த்தேக்கத்தில் என் மகனுடன் பயிற்சி செய்தபோது, காற்று எழுந்ததும் கேனோவின் முன்பகுதி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. எவ்வளவு வலித்தும் நேராகச் செல்லவில்லை. தவறு எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (இந்திராநகர்)

நண்பரே, சிறுவன் முன்னாலும் நீங்கள் பின்னாலும் அமர்ந்திருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். பின்பகுதி கனத்தால் முன்பகுதி நீரிலிருந்து தூக்கி நிற்கும். எதிர்க்காற்று அதைப் பிடித்துத் தள்ளிவிடும். எதிர்க்காற்றில் செல்லும்போது தண்ணீர்க் குடம், உணவுப் பை போன்ற கனமான பொருள்களை முன்னால் நகர்த்துங்கள். காற்று முதுகுப்பக்கம் வந்தால் அவற்றைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். இது எளிதில் தீரும் குறை.

உங்கள் நேரக்கணக்குதான் எனக்கு அச்சம் தருகிறது. அங்கே கோடையில் தென்மேற்குக் காற்று பெரும்பாலும் முற்பகலிலேயே எழுந்து, பிற்பகலில் இடிமழையோடும் சேர்ந்துவிடும். மதியம் 1 மணி என்பது துடுப்பைக் கையில் எடுக்கும் நேரமன்று, கரையேறியிருக்க வேண்டிய நேரம். துறையிலிருந்து மேற்குக் கோடி வரை சுமார் 20 கிலோமீட்டர் வரும். ஆற்றின் மேற்பகுதியில் ஆழம் குறைவு, பாறைகள் அதிகம். அங்கே துடுப்பு உதவாது, குளிர்ந்த நீரில் இறங்கிக் கயிறு கட்டிப் படகை இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு களைத்த கைகளோடு எதிர்க்காற்றில் ஷோஷோனியின் நீளம் முழுவதையும் வலிக்க நினைப்பது தவறு என்றே கருதுகிறேன்.

காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் லூயிஸில் தெற்கு, மேற்குக் கரைகளையும் ஷோஷோனியில் தெற்குக் கரையையும் ஒட்டியே செல்லுங்கள். திறந்த நீரில் காற்று ஓடும் தூரம் கூடக்கூட அலை வளரும். காற்று புறப்படும் கரையோரத்தில் அது வளர இடம் கிடைக்காது. வடகரைக்குப் போயே ஆக வேண்டுமானால், ஏரி இடுங்கும் இடத்தில் மட்டும் அதிகாலையில் கடக்கலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் ஊகித்தது சரிதான், மகன்தான் முன்னால் இருந்தான். இன்னொரு சந்தேகம். நாங்கள் இருவரும் நன்றாக நீந்துவோம். லைஃப் ஜாக்கெட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டால் போதாதா?

பதில் (ஒயிட்ஃபீல்டு)

தம்பி, போதவே போதாது. நான் தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்தவள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எங்கள் ஊர்ப் படகு கவிழ்ந்தாலும் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். நீந்தத் தெரிந்தவர் நெடுநேரம் தாக்குப்பிடிப்பார். ஷோஷோனி ஊட்டியைவிடச் சற்று உயரத்தில், சுமார் 2,375 மீட்டரில் இருக்கிறது. ஜூன் மாதம் வரைகூடப் பனிக்கட்டி கிடக்கும் ஏரி அது. கோடையிலும் நீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அத்தகைய நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு நம் வசத்தில் இராது. சுமார் பத்து நிமிடங்களில் விரல்கள் மரத்துவிடும். அப்போது ஜாக்கெட்டின் கொக்கியைக்கூட மாட்ட இயலாது. நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் மூழ்குகிறார்கள். ஆகவே கரையை விட்டு நகரும் முன்பே அதை அணிந்து இறுக்கிக்கொள்ளுங்கள். பருத்தி உடை வேண்டாம். முடிந்தால் இருவருக்கும் வெட் சூட் (குளிர்ந்த நீரில் உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) வாடகைக்கு எடுங்கள். மாற்று உடையையும் தீப்பெட்டியையும் நீர் புகாத பையில் கட்டிப் படகோடு பிணைத்துவையுங்கள்.

ஷோஷோனிக் கரை முகாம்களில் விறகு எரிக்க அனுமதி இல்லை என்பதால் கேஸ் அடுப்பு அவசியம். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கே போய் வாங்குங்கள்.

கேட்டவர்

அம்மா, தக்க நேரத்தில் சொன்னீர்கள். நேற்றிரவு தம்பியுடன் பேசித் திட்டத்தை மாற்றிவிட்டோம். முதல் நாள் பர்மிட், பரிசோதனை, லூயிஸ் துறைக்கு அருகிலுள்ள முகாமில் தங்கல், அவ்வளவே. இரண்டாம் நாள் விடியலில் புறப்பட்டு, ஆற்றில் ஏறி, ஷோஷோனியின் தொடக்கத்திலேயே ஒரு முகாமில் தங்குவோம். மேற்குக் கோடிக்கு மூன்றாம் நாள் காலை, அதுவும் நீர் அமைதியாக இருந்தால் மட்டும். காற்று நிற்காவிட்டால் கரையிலேயே காத்திருக்க ஒரு நாள் கூடுதலாக விடுப்பும் உணவும் வைத்திருக்கிறோம்.

பதில் (இந்திராநகர்)

இப்போது சரி. அந்தக் கூடுதல் நாளைத் திரும்பும் பக்கத்தில் வையுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்ற எண்ணத்தில்தான் பலர் அலை புரளும் லூயிஸ் ஏரியில் இறங்குகிறார்கள். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், எளிதாகவே தோன்றும். ஆனால் பின்னால் வரும் அலைதான் கேனோவைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்க்கும்.